சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தூரம், நேரம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் சிங்கப்பூர் சாங்கிக்கும் இடையே பறப்பவர்களும், அவர்களை ஏற்றிவிடவும் அழைத்துவரவும் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. விமான அட்டவணைகள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் எந்த விமானத்தின் எண்ணையும் இங்கே தரவில்லை. கீழே வரும் புறப்பாட்டு, வருகை நேரங்கள் கணக்கு புரிவதற்கான உதாரணங்கள் மட்டுமே.

சென்னை விமான நிலையத்திலிருந்து சாங்கிக்கு எவ்வளவு தூரம்?

பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து அளந்தால் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். மைலில் சொன்னால் சுமார் 1,815. விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் கடல்மைலில் சுமார் 1,580 (ஒரு கடல்மைல் 1.852 கி.மீ.). இணையத்தில் ஒவ்வொரு தளமும் ஐந்து பத்து கிலோமீட்டர் கூடக் குறையக் காட்டும். சில தளங்கள் விமான நிலையத்திலிருந்து அளக்கின்றன, சில ஊரின் நடுவிலிருந்து அளக்கின்றன. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கொஞ்சம் அதிகம். வானத்திலும் பாதைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்துப் போவதாலும், மழைமேகத்தைச் சுற்றிப் போவதாலும், இறங்குமுன் வரிசையில் நிற்பதாலும் சில பத்து கிலோமீட்டர் கூடும். மோசமான நாளில் நூறையும் தாண்டும்.

பயண நேரம் எவ்வளவு?

நேரடி விமானத்துக்கு அட்டவணையில் 4 மணி முதல் நாலரை மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். அதில் தரையை விட்டு எழும்பித் திரும்பத் தரையைத் தொடும் வரையிலான நேரம் பெரும்பாலும் மூன்றே முக்கால் மணியை ஒட்டி இருக்கும்.

2,920 கிலோமீட்டரை 850ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வரவில்லையே. மிச்சம் எங்கே போகிறது?

மணிக்கு 850 கி.மீ. என்பது உச்ச உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். மேலே ஏற இருபது, இருபத்தைந்து நிமிடமும், இறங்க அதே அளவோ கொஞ்சம் கூடவோ ஆகும். அந்த நேரத்தில் விமானம் மெதுவாகத்தான் போகும். ஆக, பறக்கும் நேரமே மூன்றரையைத் தாண்டிவிடுகிறது.

அடுத்தது, டிக்கெட்டில் உள்ள ‘புறப்படும் நேரம்’ விமானம் மேலெழும்பும் நேரம் அல்ல. அது கேட்டிலிருந்து பின்னால் நகரத் தொடங்கும் நேரம். ‘வருகை நேரம்’ என்பதும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் இல்லை, வந்து கேட்டில் நிற்கும் நேரம். இடையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்களுக்கு வழிவிட வேண்டும். சாங்கி பெரிய இடம். இறங்கிய பிறகு முனையத்துக்கு வரவே பத்து நிமிடம் ஆவது சாதாரணம்.

மூன்றாவதை விமான நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. அட்டவணை போடும்போதே கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். கால் மணி தாமதமாகப் புறப்பட்டாலும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கு வரும். சில நாள் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டோம் என்று அறிவிப்பு வரும்போது விமானி வேகமாக ஓட்டினார் என்று நினைக்க வேண்டாம். அந்த இருபது நிமிடம் முதலிலிருந்தே அட்டவணைக்குள் இருந்ததுதான்.

விமானத்தின் வகையும் கொஞ்சம் சேரும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் மணிக்கு 830, 850 கி.மீ. அளவில் போகும். ஏ350, 787 போன்ற பெரியவை 900ஐத் தொடும். இந்தத் தூரத்தில் அதனால் மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். இருக்கை வசதிக்காகக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

இரவு 11.15க்கு ஏறி காலை 6.05க்கு இறங்குகிறேன். அப்படியானால் ஏழு மணி நேரப் பயணமா?

இல்லை. டிக்கெட்டில் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 6.05இலிருந்து இரண்டரையைக் கழித்தால் இந்திய நேரம் 3.35. ஆக, 4 மணி 20 நிமிடம்.

திரும்பும்போது வேடிக்கை எதிர்ப்பக்கம். அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே 9.45க்கு இறங்கலாம். டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம் போலத் தெரியும். இரண்டரையைக் கூட்டினால் 4 மணி 15 நிமிடம். போகும்போது கழி, வரும்போது கூட்டு. இது மட்டும் நினைவிருந்தால் போதும்.

ஏன் இரண்டரை மணி நேர வித்தியாசம்? தூரத்தைப் பார்த்தால் அவ்வளவு இருக்கக் கூடாதே?

சரியான சந்தேகம். சென்னை 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது, சாங்கி 104ஐ ஒட்டி. வித்தியாசம் கிட்டத்தட்ட 24 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆக, சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையே 1 மணி 35 நிமிடம்தான்.

மிச்சம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மனிதர்கள் போட்ட கணக்கு. சிங்கப்பூர் 1981 கடைசி வரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. அப்போது இந்தியாவுடன் வித்தியாசம் சரியாக இரண்டு மணி. தீபகற்ப மலேசியாவின் நேரத்தைப் போர்னியோ தீவில் உள்ள சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்க மலேசியா முடிவு செய்தபோது சிங்கப்பூரும் அதோடு சேர்ந்துகொண்டது. 1982 ஜனவரி 1 பிறந்தபோது அங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்பே சூரியனைவிட அரை மணி போல முந்தி ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் அது. இப்போது ஒரு மணி நேரம் முந்துகிறது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணிக்கு விடிகிறது, உச்சிவெயில் பகல் ஒரு மணிக்கு வருகிறது.

பயணிக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கடிகாரம் இரண்டரை மணி மாறினாலும் வெளிச்சம் ஒன்றரை மணிதான் மாறுகிறது. இந்த வழியில் ஜெட் லாக் என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு அது வெறும் தூக்கக் குறைவு.

போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம்தான் ஆகுமா? மேற்கிலிருந்து கிழக்கே போனால் சீக்கிரம் போகலாம் என்கிறார்களே?

அது ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் பக்கத்துக்குப் பொருந்தும். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் உண்டு. நாம் பறப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். இங்கே கதை மாறும், சில மாதங்களில் நேர் தலைகீழாகவும் மாறும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கும் வங்கக்கடலுக்கும் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். அதை அடையாளம் கண்டு 1958இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவதால் அதற்கும் தெற்கே உள்ள கடலுக்கும் இடையே வெப்ப வேறுபாடு உண்டாகி இந்தக் காற்று எழுகிறது. அதன் மையம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில். நம் விமானங்கள் 11, 12 கிலோமீட்டரில் பறப்பதால் மையத்துக்குள் போவதில்லை, அதன் அடிவிளிம்பில்தான் போகின்றன. அதுவே போதும்.

எதிர்க்காற்று மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், சிங்கப்பூர் போகிற வழியில் சுமார் கால் மணி கூடும். வருகிற வழியில் அதே அளவு குறையும். ஆடி, ஆவணியில் போய்வருகிறவர்கள் இரண்டு பயணத்துக்கும் இடையே அரை மணி வித்தியாசம் பார்த்தால் வியக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் இந்த வேறுபாடு மிகக் குறைவு.

விமானம் எந்த வழியாகப் போகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. உலக உருண்டையில் இரண்டு விமான நிலையங்களையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டினால், சென்னையிலிருந்து கிழக்கு-தென்கிழக்காக வங்கக்கடலுக்குள் இறங்கும். முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வெறும் கடல். அப்புறம் பெரிய நிக்கோபார்த் தீவின் தென்கோடியான இந்திரா முனைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தெற்கே நூல் கடந்துபோகும். இந்தியாவின் கடைசித் துண்டு நிலம் அது. அடுத்தது சுமத்ராவின் வடமுனையில் உள்ள வே தீவு, பிறகு அச்சே கடற்கரை. அங்கிருந்து மலாக்கா நீரிணையைக் குறுக்காகத் தாண்டி, கோலாலம்பூர் விமான நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே மலேசியக் கரையேறி, மலாக்கா நகரத்தைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு, ஜொகூர் வழியாகச் சாங்கி.

வரலாறு படித்தவர்கள் இந்தப் பட்டியலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1025ஐ ஒட்டிய முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் என்று ஊர்கள் வரும். மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரி சுமத்ராவின் வடமுனைப் பகுதி. கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. முதல் இரண்டும் ஏறக்குறைய நூலின் மேலேயே இருக்கின்றன, கெடா கொஞ்சம் வடக்கே தள்ளி.

உண்மையான விமானம் நூலைப் பிடித்துப் போகாது. குறிக்கப்பட்ட வான்பாதைகளில் நூலுக்கு வடக்கேயோ தெற்கேயோ விலகிப் போகும். இருக்கை முன்னால் உள்ள திரையில் ஒருநாள் பினாங்கு பக்கமும் இன்னொருநாள் சுமத்ராவின் மேடான் பக்கமும் கோடு தெரிந்தால் அதுதான் காரணம்.

வழியில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடும் கை மாறும். வங்கக்கடலில் பெரும்பகுதி சென்னையின் பொறுப்பு, பிறகு கோலாலம்பூர், கடைசியில் சிங்கப்பூர். உயரத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. கிழக்கே போகிறவை 35,000, 37,000, 39,000 அடி என ஒற்றைப்படையிலும் மேற்கே வருகிறவை 36,000, 38,000 என இரட்டைப்படையிலும் பறக்க வேண்டும். திரையில் உயரம் காட்டினால் சரிபார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

வரைபடத்தில் சில விமானப் பாதைகள் வில்லாக வளைந்திருக்கின்றன. இது மட்டும் ஏன் நேராக இருக்கிறது?

உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவப் பக்கம்தான் அதிகம் இழுபடும். டெல்லி – சான் பிரான்சிஸ்கோ போல வடக்கே ஏறிப் போகும் பாதைகள் அதனால் வில்லாகத் தெரிகின்றன. சென்னை – சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியது. தாளில் நேர்கோடு போட்டு அதன்படியே பறந்தாலும் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாது.

திருச்சி, மதுரை, கோவையிலிருந்து பறந்தால் தூரம் குறையுமா?

குறையாது, கூடும். திருச்சி தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குக் கிட்டே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் பாதையில் தெற்கே போகும் தூரத்தைவிடக் கிழக்கே போகும் தூரம்தான் அதிகம். சென்னை தமிழ்நாட்டின் கிழக்கு ஓரம். திருச்சி அதற்கு மேற்கே ஒன்றரைப் பாகை தள்ளி இருப்பதால் 2,980 கி.மீ. வருகிறது, சென்னையைவிட அறுபது கூடுதல். மதுரை சுமார் 3,015, கோவை சுமார் 3,160.

கணக்கு அப்படி. ஆனால் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை, காரைக்குடி ஆட்களுக்கு இந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. சென்னைக்குப் பேருந்திலோ ரயிலிலோ வந்து சேரவே ஆறேழு மணி நேரம். வானத்தில் அறுபது கிலோமீட்டர் என்பது ஐந்து நிமிடம். நேரடி விமானம் கிடைத்தால் யோசிக்காமல் திருச்சியிலேயே ஏறுங்கள். கட்டணம் ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் சென்னை வரும் செலவு, தங்கும் செலவு, உடன் வருகிறவர் செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் திருச்சிதான் மலிவு. மதுரைக்கும் கோவைக்கும் இதே நியாயம், ஆனால் அங்கிருந்து விமானங்கள் குறைவு. நாள் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

கொழும்பு கட்டுநாயக்கவிலிருந்து சாங்கி சுமார் 2,750 கி.மீ. அது சென்னையைவிடக் கிட்டே.

கோலாலம்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ மாறிப் போனால் எவ்வளவு நேரம்?

முதலில் தூரம். கோலாலம்பூர் விமான நிலையம் நம் நூலின் மேலேயே இருக்கிறது என்று சொல்லலாம். அங்கே இறங்கி மாறினால் மொத்தத் தூரம் நான்கைந்து கிலோமீட்டர்கூடக் கூடாது. ஆனால் நேரம்? சென்னை – கோலாலம்பூர் கிட்டத்தட்ட நாலு மணி நேரம், அங்கே காத்திருப்பு இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை, பிறகு முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேர விமானம். ஏழு மணி முதல் பதின்மூன்று மணி நேரம் வரை ஆகிவிடும். கொழும்பு வழியும் இப்படித்தான். தூரம் 3,400 கி.மீ. அளவுக்கு வரும், நேரம் இரட்டிப்பு.

மலிவு என்று மாறிப் போகும் விமானம் எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா? ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேராகச் சாங்கிக்குப் போய்விடும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இடையில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரலாம். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டியிருக்கும். நடுவழி விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பதிவு செய்யும் அன்றைக்கே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். முதியவர்களைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால் நேரடி விமானம் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

டிக்கெட்டில் 12ஆம் தேதி 01.30 என்று இருக்கிறது. எப்போது விமான நிலையம் போக வேண்டும்?

11ஆம் தேதி இரவு பத்தரைக்கு. தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். 12ஆம் தேதி என்று நாள்காட்டியில் வட்டம் போட்டு, 12ஆம் தேதி பகல் முழுக்கச் சொந்தக்காரர்களிடம் விடைபெற்று, அன்று இரவு கிளம்பி வந்து நிற்கிற குடும்பங்கள் உண்டு. அதற்குள் விமானம் போய்க் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும். நள்ளிரவு 12 தாண்டிப் புறப்படும் விமானம் என்றால் ‘11 இரவு’ என்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும் என்பது உண்மையிலேயே தேவையா?

சென்னையில் தேவை. இரவு பத்து மணிக்கு மேல் வளைகுடா, கிழக்காசிய விமானங்கள் வரிசையாகப் புறப்படும். செக்-இன், இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை மூன்றிலும் வரிசை நீளும். செக்-இன் கவுன்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் மூடிவிடுவார்கள். சரியான நேரத்தை டிக்கெட்டில் பாருங்கள். மூடியபின் கெஞ்சிப் பயனில்லை. சாங்கியில் கிளம்பும்போது இரண்டரை மணி நேரம் தாராளம்.

மெட்ரோவில் வருபவர்களுக்கு: நிலையம் விமான நிலைய வளாகத்திலேயே இருக்கிறது. ஆனால் பின்னிரவில் மெட்ரோ ஓடாது.

இரவு விமானமா, பகல் விமானமா?

பகல். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. இரவு விமானத்தில் ஒரு நாள் விடுப்பு மிச்சமாகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலேகால் மணி நேரத்தில் ஏறி அமர்ந்து கிளம்ப அரை மணி, சாப்பாட்டு வண்டி வந்து போக ஒரு மணி, இறங்குவதற்கு அரை மணி முன் விளக்கைப் போட்டு எழுப்பிவிடுவார்கள். தூங்கக் கிடைப்பது இரண்டு மணி, அதுவும் உட்கார்ந்தபடி. போய் இறங்கினால் அங்கே விடிந்தும் விடியாத நேரம், ஓட்டலில் அறை பிற்பகலில்தான் கிடைக்கும். நேராக வேலைக்குப் போகிற இளைஞர்கள் சமாளித்துவிடுவார்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அந்த ஒரு நாள் மிச்சம் அங்கே போய்ப் படுத்துக் கிடப்பதிலேயே கரைந்துவிடும்.

பகலில் இன்னொன்றும் உண்டு. மேகம் இல்லாவிட்டால் நிக்கோபாரும் சுமத்ராவின் கரையும் தெரியும், நீரிணையில் வரிசையாகக் கப்பல்கள் தெரியும்.

எதனால் தாமதமாகிறது?

டிசம்பரில் சென்னையில் புயல் மழை என்றால் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது சிங்கப்பூர்ப் பக்கத்துக் கதை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்தும் மலாக்கா நீரிணையிலிருந்தும் இடிமழை வரிசைகள் கிளம்பிக் கிழக்கே வரும். அங்கே அதற்குப் பேரே ‘சுமத்ரா’ என்றுதான். இவை பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வந்து சேரும். நம் இரவு விமானங்கள் இறங்குவதும் அதே நேரம்தான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதுவரை வானத்தில் வட்டமடிக்க வேண்டியதுதான்.

ஓடுபாதையின் திசையும் சேரும். சாங்கியின் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு-தெற்காக அமைந்தவை. தெற்கிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் வடக்கேயிருந்து வந்து நேராக இறங்கலாம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது தெற்கே சுற்றிப் போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டும். சில நிமிடம் கூடும்.

வங்கக்கடலின் நடுவே கரையோர ரேடார் எட்டாது. அங்கே விமானங்களுக்கு இடையே விடும் இடைவெளி நிலத்துக்கு மேலே விடுவதைவிட அதிகம். இரவில் வங்கக்கடல் வழி நெரிசலாகும்போது, சென்னையிலேயே விமானத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து அனுப்புவார்கள். கதவை மூடிவிட்டு ஏன் கிளம்பவில்லை என்று எரிச்சல்படும் நேரத்தில் பெரும்பாலும் இதுதான் நடந்துகொண்டிருக்கும்.

நடுக்கடலில் ஏதாவது ஆனால் எங்கே இறங்கும்?

நீங்கள் நினைப்பதுபோல அத்துவானக் கடல் இல்லை இது. முதல் பாதியில் சென்னைக்கே திரும்பலாம், அல்லது அந்தமானின் போர்ட் பிளேர் போகலாம். அந்த நகரின் பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் பண்டா அச்சே, மேடான், பினாங்கு, கோலாலம்பூர் என வரிசையாக விமான நிலையங்கள்.

அழைத்துவரப் போகிறேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது?

வருகை நேரத்துக்கு அல்ல, அதற்கு அப்புறம். சாங்கியில் கேட்டுக்கு வந்ததிலிருந்து வெளியே வர முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். சென்னையில் பெட்டி வந்து, கஸ்டம்ஸ் தாண்டி வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு விமானம் ஒன்றாக வந்தால் ஒன்றரை. ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் விமானம் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். அது நிக்கோபாரைத் தாண்டிச் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தால் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. தாம்பரத்தில் இருப்பவர் அதற்குள் ஒரு தூக்கமே போடலாம்.

முன்பு கப்பலில் போனார்களே, அதற்கு எத்தனை நாள்?

ஒரு வாரம் போல ஆகும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போவார்கள். கடைசியாக ஓடிய பெரிய பயணிகள் கப்பல் எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்த பிறகு அந்தச் சேவை நின்றுபோனது.

சிங்கப்பூரில் இறங்குமுன் செய்ய வேண்டிய இணையப் பதிவு ஏதாவது உண்டா?

உண்டு. எஸ்ஜி அரைவல் கார்டு என்று பெயர். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். இதே பெயரைப் போட்டுப் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும், அவற்றை விட்டுவிடுங்கள். இது விசா அல்ல. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசாவைத் தனியாக முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

சாங்கியிலிருந்து லிட்டில் இந்தியா போக எவ்வளவு நேரம்?

டாக்சியில் நெரிசல் இல்லாவிட்டால் இருபத்தைந்து நிமிடம். எம்ஆர்டி ரயிலில் தானா மேராவில் ஒருமுறை மாறிப் பூகிஸ் வந்து, அங்கே டவுன்டவுன் தடத்தில் ஏற வேண்டும். பெட்டியோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றுக்கு மேல் இறங்கினால் கடைசி ரயிலைப் பிடிப்பது சந்தேகம்தான். டாக்சிக் கட்டணத்தில் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை பாதி அளவு கூடுதலாகச் சேரும்.